கிணற்றில் விழாத டெனர்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று முதல் நான் நீதிபதி.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எப்சிபா என்னை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். எப்சிபா என் தங்கை மகள். சென்னையில் மேல்நாட்டுச் சங்கீதம் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவள். ஜூன் மாதத்திலிருந்து எங்கள் கோயில் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, அவள்தான் தலைவி.

"மாமா, கிறிஸ்மஸுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை பெரிய பாட்டு பாடப் போறோம்லா. ஒங்க போனுக்கு மூணு ரெக்கார்டிங் அனுப்பியிருக்கேன். கேட்டுட்டு, நமக்கு எது ஒத்து வரும்னு சொல்லுங்க."

"ஏட்டி, சபையில வேற காதே இல்லையா?"

"ஒங்க காது மாதிரி வருமா மாமா?"

அறிவுள்ள பிள்ளை. எங்கள் குடும்பத்து ரத்தம்.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பை ஆராயப்போகும் அறிஞர்களுக்காகச் சில விவரங்கள். என் பெயர் கிளாட்ஸ்டன். ஓய்வுபெற்ற சர்வேயர். வேலையில் இருந்தவரை நிலத்தை ஓர் அங்குலம் பிசகாமல் அளந்தவன். அதனால் பேச்சில் ஓர் ஏக்கர் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இளவயதிலிருந்து கொயரில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன், முன்வரிசை ஓரத்தில். அந்த இடத்துத் தரையில் என் பாதத்தின் பள்ளம் விழுந்திருக்கிறது.

பெரிய பாட்டு என்பது ஒரு ஜெர்மன்காரர் லண்டனில் குடியேறி, ஆகி முந்நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், எழுதிவைத்துப் போன கூட்டுப்பாட்டு. முழுதும் பாடினால் மதியச் சாப்பாடு ராத்திரிக்குப் போய்விடும். அதில் ஓர் அல்லேலூயா வரும். அது தொடங்கியதும் சபையே எழுந்து நிற்கும். யாரோ ஒரு ராஜா முதலில் எழுந்து நின்றாராம். பக்தியில் நின்றார் என்பார் எங்கள் சபைக் குருவான ஐயர். கால் மரத்துப்போய் நின்றிருப்பார் என்பது என் கட்சி.

அந்த அல்லேலூயாவின் கடைசியில் ஒரு கிணறு இருக்கிறது. அல்லேலூயா அல்லேலூயா என்று மூச்சுமுட்ட அடுக்கிக்கொண்டு வந்து, எல்லாரும் ஒரே வெட்டாக நிறுத்த வேண்டும். பாட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை. ஒரு மூச்சு நேரம் முழு நிசப்தம். அதற்குப் பிறகுதான் கடைசி அல்லேலூயா, தேர் நிலைக்கு வருகிற மாதிரி நிதானமாக. அந்த நிசப்தத்துக்குத்தான் எங்கள் கொயரில் கிணறு என்று பெயர். நிறுத்தத் தெரியாமல், அதற்குள் ஒற்றை அல்லேலூயாவைத் தனியாகப் போடுகிறவர் கிணற்றில் விழுந்தவர். விழுந்தவர் மொத்தக் கொயருக்கும் வடையும் டீயும் வாங்கித் தர வேண்டும். பெயரும் மாறிவிடும். என் பக்கத்தில் நிற்கிற மோசே அண்ணாச்சி ஒரு கிறிஸ்மஸில் விழுந்தார். அன்றிலிருந்து அவர் கிணத்து மோசே. பெயர் சூட்டியவன் அடியேன்.

நான் விழுந்ததே இல்லை.

நவம்பர் 10, திங்கள்

மழை. முதல் ரெக்கார்டிங்கைக் கேட்டேன். நான் வைத்த பெயர்: யானை.

எங்கள் கொயர் பாடக் கற்றதே இதைக் கேட்டுத்தான். கேசட்டாக இருந்து, தேய்ந்து, மரித்து, எப்சியின் தயவில் போனுக்குள் உயிர்த்தெழுந்திருக்கிறது. பாடுகிறவர்கள் குறைந்தது ஒரு தாலுகா இருப்பார்கள். ஒவ்வோர் அல்லேலூயாவும் தாமிரபரணியில் வெள்ளம் வருகிற மாதிரி வந்து போகிறது. கிணற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஷேவ் செய்து, குளித்து, மறுபடி தாடி வளர்ந்துவிட்டது. கிணறும் லேசுப்பட்ட கிணறு இல்லை. இறங்கி, நீச்சலடித்து, தலை துவட்டிக்கொண்டு ஏறி வரலாம். எந்த இடத்தில் எது வரும் என்று என் எலும்புக்கே தெரியும்.

ஒரே குறை. வயலின்களைக் காணோம். கேசட் காலத்தில் மேலே மினுமினுவென்று ஓடிக்கொண்டிருக்கும். போனுக்கு மாற்றும்போது உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

குக்கர் பழுது. கெட்சி கடைக்குப் போகும்போது, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்சியாள் என் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் ஓய்வு பெற்றாள், அவளிடமுள்ள கணக்கு இன்னும் பெறவில்லை. நான் எல்லைச்சாமி மாதிரி கூடத்தில் காவல் இருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ராஜம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். விசில் அவள் வீட்டுக் கொல்லை வரைக்கும் கேட்டதாம்.

பொய்சாட்சி. பத்துக் கட்டளையில் ஒன்றை மீறிவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

குக்கரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் விசிலைக் கழற்றி, ஊதி, மாட்டி, தண்ணீர் ஊற்றி அடுப்பிலேயே வைத்துக் காட்டினார்.

"நல்லாத்தான இருக்கு சார். கேட்டுச்சுல்லா?"

"ஆவி தெரிஞ்சுது" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதற்கும் புது விசில் வாங்கி வந்தேன். அதுவும் ஊமை.

நவம்பர் 14, வெள்ளி

இந்த மழைக்குக் கொசு அதிகம். ஆனால் முன்னைப் போலக் காதருகில் வந்து ரீங்காரம் பண்ணுவதில்லை. மரியாதை கற்றுக்கொண்டு, சத்தமில்லாமல் கடித்துவிட்டுப் போகின்றன.

நவம்பர் 15, சனி

இரண்டாவது ரெக்கார்டிங். பெயர்: பள்ளிக்கூடம். ஏதோ ஒரு பெரிய தேவாலயத்தில் பெண்களுக்குப் பதிலாகச் சின்னப் பையன்கள் சோப்ரானோ என்கிற உச்சக் குரலைப் பாடுகிறார்கள் என்று எப்சி எழுதியிருந்தாள். பையன்களுக்கு அன்று விடுமுறை போலிருக்கிறது. கீழ்க்குரல்காரர்கள் மட்டும் பொறுப்பாகப் பாடிவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது. பெயர்: அணில். இருபது பேர்தான் பாடுகிறார்கள். வாத்தியமெல்லாம் அந்தக் காலத்து வாத்தியமாம். தந்தி கம்பி இல்லை, ஆட்டுக்குடலில் முறுக்கியது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வதற்குள் அல்லேலூயா முடிந்துவிட்டது. கிணறா அது! ஆழாக்கு. நெல்லுக்கு மேல் அணில் ஓடுகிற மாதிரி ஓடுகிறார்கள், கீழே ஒரு மணியும் சிதறுவதில்லை. அதுவும் அரைக்கட்டை கீழே இருந்தது. உடனே எப்சிக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, மூணாவது சுருதி எறங்கிக் கெடக்கே. பேட்டரி போச்சா?"

"மாமா! எப்படிக் கண்டுபிடிச்சீய? அந்தக் காலத்துல சுருதி அவ்வளவுதான் வச்சாங்க. நம்ம கொயர்ல வேற ஒருத்தருக்கும் தெரியல."

டெனர்களுக்கு இது ஆஸ்தி எழுதிவைத்த மாதிரி. கழுத்து நரம்பு தப்பிக்கும். ஆனால் இந்த ரெக்கார்டிங்கிலும் வயலின்கள் வேலைநிறுத்தம். மூன்று நாட்டு வயலின்காரர்கள் கூடிப்பேசி ஒரே சமயத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உலக அளவிலான சதி.

நவம்பர் 16, ஞாயிறு

வேப்பமரத்தடியில் தீர்ப்பு வழங்கினேன். யானையே வெல்க. காரணங்கள்: கம்பீரம், பாரம்பரியம், கிணற்றின் ஆழம்.

எப்சி பொறுமையாகக் கேட்டாள். "யானைக்கு எரநூறு பேர் வேணும் மாமா. நம்மகிட்ட இருக்கது இருவது பேர். இருவது பேரு அம்புட்டு மெதுவாப் பாடுனா, சாவு வீட்டுல ஒப்பாரி மாதிரி இருக்கும். நாம அணில் பக்கம் போவோம்."

"பெறகு என் காதை எதுக்குட்டி கேட்ட?"

"சுருதி சொன்னீயள்லா, அதுக்குத்தான்."

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இன்னொன்றும் சொன்னாள். இந்த வேகத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுத்தான் பாட முடியுமாம். பழக்கத்தை நம்பிப் பாடக்கூடாதாம். டெனரில் நாலே பேர். ஒத்துவராதவர்கள் இந்த வருடம் சபையோடு உட்கார்ந்து கேட்க வேண்டியதுதானாம்.

"பாவம் மோசே" என்றேன்.

நவம்பர் 22, சனி

ஒத்திகை. ஆர்கன் மட்டும் துணைக்கு. அணில் வேகம்.

மின்விசிறி சத்தம் அதிகம். எப்சி நின்ற இடத்தில் வெளிச்சம் போதாது. என் கண்ணாடியில் தூசி. சோப்ரானோக்கள் எல்லாரும் தொண்டை கட்டிப்போய், நிறுத்துகிறார்களா பாடுகிறார்களா என்றே தெரியாதபடிப் பாடினார்கள். இத்தனை இடைஞ்சல்களுக்கு நடுவில், கிணற்றில் ஓர் அல்லேலூயா விழுந்தது.

அது டெனர் அல்லேலூயா.

கோயில் முழுக்க எதிரொலித்தது. நல்ல குரல், அதை யாரும் மறுக்க முடியாது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாகிவிட்டது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே குரல்.

மோசே அண்ணாச்சி மட்டும் குனிந்து, "வேய் கிளாட்ஸ்டன், தண்ணி எப்படி இருக்கு? குளுருதா?" என்றார்.

எல்லாரும் போன பிறகு எப்சி வந்து என் கையைப் பிடித்தாள். "மாமா, இந்தத் தடவை நீங்க முன்னால ஒக்காந்து கேட்டுச் சொல்லுங்களேன். எனக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

வடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

சாயங்காலம் எப்சி வந்திருந்தாள். நான் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலில் நின்று கெட்சி ஏதோ கேட்டாள். காப்பி வேணுமா என்றுதான் இருக்கும். அந்த நேரத்துக்கு வேறு என்ன கேட்கப் போகிறாள்?

"தாராளமா" என்றேன். "சீக்கிரம் செய்யி."

காப்பி வரவில்லை. எப்சி சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கெட்சி என் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்து திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நான் என்ன கேட்டேன் தெரியுமா? என் நகையெல்லாம் வித்து மோசே அண்ணாச்சிக்கு ஒரு கார் வாங்கிக் குடுத்துட்டு, அவரு கூட ஊட்டிக்குப் போயிட்டு வரட்டான்னு கேட்டேன்."

"குளுருமே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "குக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நீங்க பழுதுன்னு சொல்லுத காலிங் பெல்லும் நல்லாத்தான் இருக்கு. வயலினும் நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு வண்ணார்பேட்டைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்."

நவம்பர் 26, புதன்

வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை அடைத்தார்கள். சிறுபிள்ளை மாதிரி இருந்த ஒரு டாக்டரம்மா. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டுமாம். முதலில் பூம் பூம் என்று வந்ததையெல்லாம் வீராவேசமாக அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் மும்முரமாக எதையோ திருகிக்கொண்டிருந்தாள். கெட்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து, "கரண்ட் போயிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இவ்வளவு நேரம் போயிட்டுதான் இருந்துச்சு."

எனக்குக் கீழ்ஸ்தாயி வாலிபன் மாதிரி இருக்கிறதாம். மேல்ஸ்தாயி போய்விட்டதாம். வயலின், விசில், பறவைச் சத்தம், பெண்கள் குரல், இதெல்லாம்தான் முதலில் குறையுமாம்.

"அப்போ மோசே பேசுறது கேக்கும், இவ பேசுறது கேக்காதா?"

"கொஞ்சம் அப்படித்தான் சார்."

"ஆண்டவர் மாத்திக் குடுத்திருக்கலாமேம்மா" என்றேன். டாக்டரம்மா சிரித்தாள். கெட்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சளி பிடித்திருக்கிறது போலும், மழைக்காலம்.

டிசம்பர் 3, புதன்

காதுக்குக் கருவி வந்துவிட்டது. எனக்குத் தேவை என்பதற்காக அல்ல. ஒரு நீதிபதி மூன்று சாட்சிகளைத் தீர விசாரிக்க வேண்டுமென்றால் கருவிகள் தேவைப்படும். நிலத்துக்கு அளவுச் சங்கிலி, இதற்கு இது. தோல் உரித்த உளுந்து அளவுதான்.

மாட்டினவுடன் உலகம் அநியாயத்துக்குக் கூச்சல் போட்டது. பேப்பரைத் திருப்பினால் காய்ந்த பனையோலையை இழுத்துப் போகிற சத்தம். என் செருப்பு என்னைப் பின்தொடர்ந்து வீடெல்லாம் வருகிறது. ஓர் அணில், நிஜ அணில், முருங்கை மரத்தில் உட்கார்ந்து எங்கள் தெரு முழுவதையும் வைதுகொண்டிருந்தது.

அப்புறம் சமையல்கட்டிலிருந்து யாரோ பாடுவது கேட்டது. மெல்லிசாக, மேலே. ரேடியோ என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். கெட்சி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பாட்டின் சோப்ரானோ வரி. ஒரு சுரம் தப்பவில்லை.

"எப்ப இருந்து பாடுத?"

கத்தியை நிறுத்தினாள். "எப்பவும்தான் பாடுதேன்."

இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைக்காய் நிறைய இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

மூன்று ரெக்கார்டிங்கையும் மறுவிசாரணை செய்தேன். ஆச்சரியமான சங்கதி: மூன்று வாரத்தில் மூன்றுமே நன்றாக முன்னேறிவிட்டன. வேலைநிறுத்தம் வாபஸ். பள்ளிக்கூடத்துப் பையன்கள் லீவு முடிந்து வந்துவிட்டார்கள். பதினாறு கண்ணாடி டம்ளரை ஒரே சமயத்தில் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. யானையும் பழையபடி மினுமினுக்கிறது. ஆனால் வயலின் திரும்பி வந்த பிறகு கேட்டால், அந்தத் தாலுகா ஜனத்தின் பாரத்தில் அது திணறுகிற மாதிரி இருக்கிறது.

அணிலில் அப்படி இல்லை. அந்த ஆட்டுக்குடல் தந்தியில் வில் உரசுகிற உரசல்கூடத் தெரிகிறது. சோப்ரானோ ஒன்றைச் சொன்னால் டெனர் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறான், கீழே பாஸ் என்கிற அடிக்குரல்காரன் தலையாட்டுகிறான். ஒருவரும் தனக்காகப் பாடவில்லை. அந்த ஆழாக்குக் கிணறு வருகிறபோது, இருபது பேரும் சேர்ந்து மூச்சு இழுக்கிறார்கள். அது ரெக்கார்டிங்கில் கேட்கிறது! அத்தனை தடவை கேட்டும் முன்பு அது கேட்கவில்லை.

தீர்ப்பைத் திருத்துகிறேன். அணில்.

எப்சியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே முடிவுபண்ணி ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிவிட்டது என்பது தனி விஷயம். தீர்ப்பு தீர்ப்புதான்.

டிசம்பர் 13, சனி

ஒத்திகை. எப்சிக்குப் பின்னால், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எப்சி திரும்பிப் பார்த்து, "மாமா, ஒரே ஒரு தடவை நின்னு பாக்கீயளா?" என்றாள். நின்றேன்.

விழவில்லை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"பழைய எடத்துக்கே வந்துருங்க" என்றாள் எப்சி. தரையில் என் பள்ளம் அப்படியே இருந்தது.

மோசே அண்ணாச்சி என் காதை உற்றுப் பார்த்தார். "என்ன வேய், உளுந்து அப்பியிருக்கு? வாங்கித் தந்த வடையில ஒட்டுனதா?"

டிசம்பர் 21, ஞாயிறு

கோயிலில் இடமில்லை. ஜன்னலுக்கு வெளியிலும் குடையோடு ஆட்கள் நின்றார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள் என்று எழுதுவேன். யார் அளக்கப் போகிறார்கள்? கெட்சி மூன்றாவது வரிசையில், பச்சைப் பட்டில்.

அல்லேலூயா தொடங்கியதும் சபை எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நானூறு பேரின் சேலையும் வேட்டியும் பெஞ்சும் சேர்ந்து எழும் சத்தம், காற்றில் வாழைத்தோப்பு திரும்புகிற மாதிரி. முன்பெல்லாம் அவர்கள் எழுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஓடினோம். சோப்ரானோ சொன்னதற்குப் பதில் சொன்னேன். கிணறு நெருங்கியது. அல்லேலூயா, அல்லேலூயா, நிறுத்து.

நிறுத்தினேன். எல்லாரும் நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில் என் இடது காதருகே, சர்ரென்று ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது. எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டிய மூச்சு இல்லை. அதற்கு முந்திக்கொண்ட மூச்சு. மோசேயின் மூச்சு.

யோசிக்க நேரமில்லை. அவர் தொடையைப் பிடித்து, சர்வே கல்லை மண்ணில் அடித்து இறக்குகிற பலத்தோடு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. கண் பிதுங்கியது. வெளியே வரவேண்டிய அல்லேலூயாவை ஒரு முழுக் கொழுக்கட்டையைப் போல விழுங்கினார். பொட்டுச் சத்தம் வரவில்லை. எப்சியின் கை இறங்கியது. கடைசி அல்லேலூயா எல்லாரிடமிருந்தும் ஒன்றாக எழுந்தது. அதில் மோசே பாடியதைப் போல அவர் ஆயுளில் பாடியதில்லை. கண்ணில் நீர் வடியப் பாடினார். பக்தி என்று சபை நினைத்திருக்கும்.

முடிந்ததும் தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "நான் பாடவே இல்லையே வேய். விழப்போறேன்னு ஒமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீரு மூச்சு இழுத்தது கேட்டுது" என்றேன்.

குனிந்து என் காதிலிருந்த உளுந்தைப் பார்த்தார். "எங்க வாங்குனீரு? எனக்கும் ஒண்ணு வேணும் போலிருக்கு."

"அதுவரைக்கும் கிள்ளுதேன்" என்றேன். "கவலப்படாதீரும்."

இனி அவரைக் கிணத்து மோசே என்று கூப்பிடுவதில்லை என்று கோயில் வாசலில் வைத்து முடிவுசெய்தேன். நானும் விழுந்தவன் என்பதால் அல்ல. பெயர் பழசாகிவிட்டது.

டிசம்பர் 22, திங்கள்

மழை விட்டு வெயில். கெட்சி மாடியில் துணி காயப்போடப் போனாள். "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் விசில் வந்தது. அந்தக் காலத்து எக்காளம் எங்கள் சமையல்கட்டில் ஊதிய மாதிரி. இரண்டாவது. மூன்றாவது. நடுவில் மாடியிலிருந்து அவள் பாடுவது இறங்கி வந்துகொண்டிருந்தது. நான்காவது. ஐந்தாவது.

படியில் தடதடவென்று ஓடிவந்தாள். "பருப்பு கொழையுதே! விசில் கேக்கலையா ஒங்களுக்கு? மூணுல அணைக்கச் சொன்னேன்லா?"

"நல்லா கேட்டுது" என்றேன். "அதான் அணைக்கல."